கேம் முடிந்தது, கடையில் வைப்பது எப்படி? சென்னையில் தனியாகக் கேம் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் தனியாகவோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தோ கேம் செய்பவர்கள் கூடும் சந்திப்புகளில், கேமைப் பற்றிய பேச்சு அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதன்பின் மிஞ்சுவதெல்லாம் கணக்குத் திறப்பது, வரிப்படிவம் நிரப்புவது, வங்கியில் பெயர் பொருந்தாமல் போவது பற்றிய சந்தேகங்கள்தாம். ஒரே பதிலைப் பலருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் கேம் வெளியிட்ட அனுபவம் உள்ளவனே தவிர வழக்கறிஞரோ ஆடிட்டரோ அல்லன். கட்டணங்களையும் விதிகளையும் கேம் விற்கும் இணையக் கடைகள் அவ்வப்போது மாற்றுகின்றன. பணம் கட்டும் முன் அந்தந்தக் கடையின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம்ல கேம் போடணும்னா யாராவது சிபாரிசு பண்ணணுமா?

வேண்டியதில்லை. இந்த அச்சம் பழைய காலத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தினர் முன்பு எந்தக் கேமை ஏற்பது என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பெயர் தெரியாதவர்கள் அனுப்பிய மடல்களுக்குப் பதிலே வராமல் போவதும் உண்டு. 2012 ஆகஸ்டில் கிரீன்லைட் என்ற வாக்கெடுப்பு முறை வந்தது. விளையாடுபவர்கள் வாக்களித்தால்தான் கேம் உள்ளே போகும் என்பதால், நண்பர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் வாக்குக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. 2017 ஜூனில் அதையும் நீக்கிவிட்டு ஸ்டீம் டைரக்ட் முறையைக் கொண்டுவந்தார்கள்.

இப்போதைய விதி எளிமையானது. அடையாளச் சான்று, வங்கி விவரம், வரிப்படிவம் ஆகியவற்றைக் கொடுத்து, கேம் ஒன்றுக்கு 100 டாலர் கட்டினால் போதும். அந்தக் கேம் 1,000 டாலர் வருவாயைத் தொட்டதும் கட்டிய 100 டாலர் திரும்ப வந்துவிடும். கதவு இப்படித் திறந்ததன் மறுபக்கம், உள்ளே நிற்கும் கூட்டம்: 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் ஸ்டீமில் வெளியாயின. ஆகவே "உள்ளே விடுவார்களா" என்ற கவலையை விட்டுவிட்டு, கீழே வரும் காகித வேலைகளைக் கேம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது.

எந்தக் கடைல முதல்ல போடறது? எல்லாத்துலயும் ஒரே நேரத்துல போட்டுடலாமா?

முதல் கேம் என்றால் இட்ச் தளத்தில் தொடங்குவது நல்லது. அங்கே கட்டணமும் இல்லை, முன்அனுமதியும் இல்லை. இன்று மாலை ஏற்றினால் இன்றிரவே யாராவது விளையாடலாம். விற்பனை பெரிதாக இராது, ஆனால் தெரியாத ஒருவர் உங்கள் கேமை எந்த இடத்தில் கைவிடுகிறார் என்பதை அங்கேதான் முதலில் அறிவீர்கள். கணினிக் கேமை விற்க வேண்டும் என்றால் ஸ்டீமைத் தவிர்க்க முடியாது. எபிக் கடை 2018 டிசம்பரில் தொடங்கினாலும், யாரும் தாமாகவே வெளியிடலாம் என்ற வசதி 2023 மார்ச்சில்தான் வந்தது; அங்கும் கேம் ஒன்றுக்கு 100 டாலர். ஜிஓஜி என்ற கணினிக் கேம் கடை இன்றும் தேர்ந்தெடுத்தே ஏற்கிறது. விண்ணப்பித்துவிட்டு அதை மறந்து வேறு வேலையைப் பார்ப்பது நலம்.

கைபேசிக் கேம் என்றால் கூகுள் பிளேயில் ஒருமுறை மட்டும் 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். ஆப்பிளுக்கான இறுதிக் கோப்பைத் தயாரிக்க மேக் கணினியும் வேண்டும் என்பதைப் பலர் கடைசி நாளில்தான் உணர்கிறார்கள். எல்லாக் கடையிலும் ஒரே நாளில் வெளியிடுவதைத் தனி ஆளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முதல் வாரத்தில் பிழைத்திருத்தம் ஒன்று வந்தால் அதை ஐந்து இடங்களில் ஏற்ற வேண்டியிருக்கும்.

கமிஷன் எவ்வளவு எடுத்துப்பாங்க?

ஸ்டீம் 30 விழுக்காடு எடுக்கிறது. ஒரு கேம் 1 கோடி டாலரைத் தாண்டினால் 25, 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 என்று குறையும். இதை நாம் தெரிந்து வைத்திருந்தால் போதும், திட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை. எபிக்கின் வழக்கமான பங்கு 12 விழுக்காடு. 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை அதுவும் இல்லை. இட்ச்சில் எத்தனை விழுக்காடு கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம், மாற்றாமல் விட்டால் 10. கூகுளும் ஆப்பிளும் ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறியவர்களிடம் 15 விழுக்காடு பெறுகின்றன. ஆப்பிளில் அதற்குரிய சிறு வணிகத் திட்டத்தில் நீங்களாக விண்ணப்பித்துச் சேர வேண்டும்.

குறைந்த கமிஷன் உள்ள கடைதான் நல்ல கடை என்று கணக்குப் போடாதீர்கள். 100 பிரதி விற்று 88 விழுக்காடு பெறுவதும், 1,000 பிரதி விற்று 70 விழுக்காடு பெறுவதும் ஒன்றல்ல.

கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணிட்டுத்தான் வரணுமா?

தனிநபராகவே ஸ்டீம், எபிக், இட்ச், கூகுள், ஆப்பிள் எல்லாவற்றிலும் கணக்குத் திறக்கலாம். பிரைவேட் லிமிடெட் தொடங்கினால் ஒரு ரூபாய் வருமானம் இல்லாத ஆண்டிலும் கணக்குத் தணிக்கையும் ஆண்டறிக்கைத் தாக்கலும் உண்டு. முதல் கேமுக்கு அந்தச் சுமை தேவையா என்று யோசியுங்கள்.

தனிநபர் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டீமில் வெளியே தெரியும் உருவாக்குநர் பெயரை நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆப்பிளில் விற்பவர் என்ற இடத்தில் உங்கள் சட்டப்பூர்வப் பெயரே தெரியும். கூகுள் பிளேயில் பணம் ஈட்டும் தனிநபர் கணக்கு என்றால் முழு முகவரியும் பொதுவில் காட்டப்படும். வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தங்கை இதைத் தெரியாமல் வெளியிட்டுவிட்டுப் பிறகு பதறினார். நிறுவனமாகப் பதிவு செய்தால் கூகுளும் ஆப்பிளும் டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண்ணைக் கேட்கும். அதை இலவசமாகவே பெறலாம், நாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

எனக்கு இனிஷியல் மட்டும்தான். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு கேட்டா என்ன போடறது?

இந்தப் பக்கத்தைத் தொகுக்கத் தூண்டிய கேள்வியே இதுதான். குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லை. கடைகளின் படிவங்களோ அது இல்லாத மனிதரை எதிர்பார்ப்பதில்லை. செ. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பான் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது என்பதால், அட்டையில் அவர் முருகன் செல்வராஜ் என்று ஆகியிருப்பார். வங்கிப் புத்தகத்தில் முருகன் எஸ் என்று இருக்கும். ஆதாரில் வெறும் முருகன் என்றும், பாஸ்போர்ட்டில் செல்வராஜ் முருகன் என்றும் இருக்கும். நமக்கு நால்வரும் ஒருவரே, சரிபார்க்கும் கணினிக்கு நான்கு பேர்.

கடையில் எழுதும் பெயரும், வரிப்படிவத்தில் எழுதும் பெயரும், பணம் பெறும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வரிப்படிவத்தில் பான் எண் கேட்கப்படும் என்பதால், பானில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துவதே எளிய வழி. நான் என் முதல் கேமுக்கு இதைச் செய்யவில்லை. வங்கியில் இனிஷியலும் கடையில் அப்பாவின் பெயருமாக விட்டுவிட்டேன். முதல் தொகை திரும்பிப் போனது. கிளைக்கும் கடையின் உதவி மையத்துக்கும் இடையே இரண்டு மாதம் மடல் எழுதிக்கொண்டிருந்தேன். கிளைக்கு நேரில் சென்று, பான் நகலுடன் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தபின்தான் தீர்ந்தது.

பெயரைத் திருத்தப் போகும்போதே வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தேவையான, கிளையின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய கிளைகள் பலவற்றுக்குத் தனிக் குறியீடு இராது. எந்தப் பெரிய கிளை வழியாக வெளிநாட்டுப் பணம் வரும் என்று எழுத்தில் பெறுவது நல்லது.

நூறு டாலர் கட்டப் போனா கார்டு டிக்ளைன் ஆகுது, ஏன்?

ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்தே வருகின்றன. வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் இணையவழிப் பரிவர்த்தனையையும் திறந்துவிட்டு, வரம்பைப் போதிய அளவு உயர்த்திய பின் முயலுங்கள். கட்டிய பிறகு மறக்காமல் மூடிவிடுங்கள்.

அமெரிக்காக்காரனுக்கு நான் எதுக்கு டாக்ஸ் கட்டணும்? முப்பது பர்சென்ட் பிடிச்சிடுவாங்கன்னு சொல்றாங்களே?

பிடித்தம் உங்கள் மொத்த வருமானத்துக்கு அன்று. அமெரிக்காவில் உள்ளவர்கள் வாங்கியதால் வந்த பங்குக்கு மட்டுமே. உரிய படிவம் கொடுக்காவிட்டால் அந்தப் பங்கில் 30 விழுக்காடு போகும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், அதைக் கோரினால் உரிமத் தொகைக்கு (ராயல்டி) 15 விழுக்காடாகக் குறையும். தனிநபர்களுக்கு டபிள்யூ-8பென் படிவம், நிறுவனங்களுக்கு டபிள்யூ-8பென்-இ. கணக்குத் திறக்கும்போதே கேள்வி-பதில் வடிவில் இது நிரப்பப்படும். வெளிநாட்டு வரி எண் என்ற கட்டத்தில் பான் எண்ணை இட வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள்தாம் 30 விழுக்காட்டைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

அங்கே பிடித்த 15 விழுக்காடும் வீணாகாது. இங்கே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது, வெளிநாட்டில் கட்டிய வரிக்கான படிவத்தைச் சேர்த்துக் கொடுத்தால், இங்குள்ள வரியில் கழித்துக்கொள்ளலாம். கடை தரும் ஆண்டு வரிச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ஜிஎஸ்டி எடுத்தே ஆகணுமா?

சேவை வழங்குபவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். பதிவு செய்தவர்களுக்கு ஏற்றுமதிச் சேவையின் மீதான வரி பூஜ்யம். எல்யூடி என்னும் உறுதிமொழியை ஆண்டுதோறும் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். உங்கள் விற்பனை ஏற்றுமதியாகக் கருதப்படுமா என்பது வாங்கும் தரப்பு எந்த நாட்டில் இருக்கிறது, பணம் எந்த நாணயத்தில் வருகிறது என்பவற்றைப் பொறுத்தது. உள்நாட்டு விற்பனை அதிகம் உள்ள கைபேசிக் கேம் என்றால் இதைக் கட்டாயம் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆனால் அவருக்கு ஸ்டீம் என்றால் என்ன என்று முதலில் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டின மறுநாளே ரிலீஸ் பண்ணலாமா? பொங்கலுக்கு விடணும்.

ஸ்டீமில் முடியாது. கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 30 நாள் காத்திருப்பு உண்டு. "விரைவில் வருகிறது" என்ற கடைப்பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது பொதுவில் இருக்க வேண்டும். கடைப்பக்கத்தையும் கேம் கோப்பையும் தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சில வேலை நாள்கள் பிடிக்கும், திருத்தம் கேட்டால் மறுபடியும் வரிசை. பொங்கலுக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறையும் குறுக்கிடும் என்பதால், பொங்கல் வெளியீட்டுக்கு அக்டோபர் மாதத்திலேயே பணம் கட்டியிருக்க வேண்டும்.

உண்மையில் இரண்டு வாரம் போதவே போதாது. கடைப்பக்கம் திறந்த நாளிலிருந்துதான் விருப்பப்பட்டியலில் ஆட்கள் சேர்வார்கள். வெளியீட்டன்று அவர்களுக்கே ஸ்டீம் மடல் அனுப்பும். வரப்போகும் கேம்களின் மாதிரிப் பதிப்புகளுக்காக ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு கேம் ஒருமுறைதான் பங்கேற்கலாம் என்பதால், மாதிரிப் பதிப்பு அரைகுறையாக இருக்கும்போது அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள்.

பிளே ஸ்டோர்ல பன்னெண்டு டெஸ்டர் கேக்கறான், எங்க போறது?

2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்குகளுக்கு மட்டும் இந்த விதி. முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் மூடிய சோதனையில் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும். சித்தப்பா, அத்தை, மாமா என்று குடும்பக் குழுவில் இணைப்பை அனுப்பினால் முதல் நாளே இருபது பேர் சேர்வார்கள். மூன்றாம் நாள் இடம் போதவில்லை என்று நீக்கிவிடுவார்கள். கேம் செய்பவர்களே ஒருவருக்கொருவர் சோதித்துக்கொள்வதே நடைமுறையில் பலித்திருக்கிறது. அவர்கள் சொன்ன குறைகளையும் நீங்கள் திருத்தியவற்றையும் குறித்து வையுங்கள். சோதனை முடிந்து அனுமதி கேட்கும்போது கூகுள் அவற்றைப் பற்றித்தான் கேட்கும்.

ஸ்டீம் ரிவ்யூவுல திருப்பி அனுப்பிட்டாங்க. இனிமே அவ்வளவுதானா?

இல்லை. பெரும்பாலும் சின்னக் காரணமாகவே இருக்கும். முகப்புப் படத்தில் கேமின் பெயரையும் ஓவியத்தையும் தவிர "சிறந்த கேம்" போன்ற புகழுரைகளை வைக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டுகள் குறைந்தது ஐந்து வேண்டும், அவை உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். கன்ட்ரோலர் ஆதரவு உண்டு என்று குறியிட்டுவிட்டு உள்ளே வேலை செய்யாவிட்டால் திருப்புவார்கள். செயற்கை நுண்ணறிவால் படமோ ஒலியோ உருவாக்கியிருந்தால் 2024 ஜனவரியிலிருந்து அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். காரணத்தை எழுதித்தான் அனுப்புவார்கள். திருத்தி மறுபடி அனுப்புங்கள், புதிதாகக் கட்டணம் இல்லை.

சினிமாப் பாட்டு பத்து செகண்ட்தான் போட்டிருக்கேன், பரவாயில்லையா?

பத்து விநாடி வரை இலவசம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடையில் வைக்கும்போது உரிமை உங்களுடையது என்று நீங்கள் கையொப்பம் இடுகிறீர்கள். உரிமையாளர் புகார் கொடுத்தால் கேம் இறங்கிவிடும். பாரதியார் பாடல் பொதுவுடைமைதானே என்று சிலர் கேட்கிறார்கள். வரிகள் பொதுவுடைமைதான், ஆனால் அதற்கு ஒருவர் அமைத்த இசைக்கும், ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு நீடிக்கும். வேண்டுமென்றால் புதிதாக மெட்டமைத்து, பாடுபவரிடம் எழுத்தில் உரிமை பெற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துருக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், "இலவசம்" என்று கிடைப்பவற்றில் பல தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம்.

ஓஎம்ஆர்ல ஐடி வேலை. ராத்திரில கேம் பண்றேன். கம்பெனி கேஸ் போடுமா?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவருக்கே உரியது. வீட்டில், சொந்தக் கணினியில், வேலைக்குத் தொடர்பில்லாமல் செய்தது அதில் வராது. ஆனால் பணியாணையோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே என்றோ, வேறு வருமானத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்றோ ஒரு வரி இருக்கக்கூடும். அதைத் தேடிப் படியுங்கள். இருந்தால் கடைப்பக்கம் திறக்கும் முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். நிறுவனத்தின் மடிக்கணினியில் ஒரு கோப்பைக்கூடத் திறக்காதீர்கள்.

நாங்க ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். அவன் பேர்ல அக்கவுண்ட் திறந்து பாதிப் பாதி எடுத்துக்கலாமா?

கடையைப் பொறுத்தவரை கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவருடையதே கேம், அவருடையதே வருமானம், அவர் தலையிலேயே வரி. நட்பு நன்றாக இருக்கும்போதே, பங்கு எவ்வளவு, செலவு யாருடையது, ஒருவர் பாதியில் விலகினால் அவர் எழுதிய நிரலும் வரைந்த படமும் யாருக்கு என்பதை ஒரு கூட்டுப் பத்திரமாக எழுதி வையுங்கள். பிற்பாடு கூட்டு நிறுவனமோ கம்பெனியோ தொடங்கினால், ஸ்டீமிலும் கூகுளிலும் கேமை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வழி உண்டு. அதற்கு இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்பதால், சண்டைக்குப் பின் அந்த வழி பயன்படாது.

எனக்கு இன்னும் பதினெட்டு ஆகலை.

இந்தியச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. கடையில் கணக்குத் திறப்பதும் ஒப்பந்தம்தான். அம்மா அல்லது அப்பாவின் பெயரில் திறக்கலாம். அப்போது வரியும் வங்கியும் பெயர்ப் பொருத்தமும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். மேலே இனிஷியல் பற்றிச் சொன்னது முழுவதும் அவர்களுக்குப் பொருந்தும்.

ஆன்லைன் கேமைத் தடை பண்ணிட்டாங்களே, நம்ம கேமும் மாட்டுமா?

2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் தடை செய்வது பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை. திறமையால் வெல்வதா அதிர்ஷ்டத்தால் வெல்வதா என்ற வேறுபாடு அதில் இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் கேமோ சந்தா கட்டி ஆடும் கேமோ, அந்தத் தொகை பந்தயமாக இல்லாதவரை, தடைக்குள் வராது. பரிசுத்தொகையுடன் போட்டி ஒன்றை நீங்களே கேமுக்குள் வைக்க நினைத்தால் மட்டும் முன்கூட்டியே வழக்கறிஞரைக் கேளுங்கள். தமிழ்நாட்டுக்கென்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவும் இருக்கிறது.

ரிலீஸ் ஆன மறுநாள் யூடியூபர்னு சொல்லி அஞ்சாறு பேர் ஃப்ரீ கீ கேக்கறாங்க. குடுக்கலாமா?

பெரும்பாலானவை கீயை, அதாவது கேமைத் திறக்கும் குறியீட்டை, வாங்கி வேறு தளத்தில் விற்பவர்களின் மடல்கள். ஒரு நபர் நான்கைந்து கீ கேட்டாலே ஐயப்படலாம். மடல் வந்த முகவரியும் அந்த யூடியூப் சேனலின் "அறிமுகம்" பகுதியில் உள்ள முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். ஸ்டீம் கியூரேட்டர், அதாவது ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைப்பவர், என்று சொல்பவருக்கு, ஸ்டீமின் உள்ளேயே உள்ள கியூரேட்டர் கனெக்ட் வழியாக அனுப்புகிறேன் என்று பதில் எழுதுங்கள். அங்கே கீ என்று எதுவும் கைமாறாததால் விற்கவும் முடியாது. இப்படிப் பதில் எழுதியபின் எனக்கு மறுமடல் போட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான்.

பிளேஸ்டேஷன், ஸ்விட்ச்ல போடறது கனவாவே போயிடுமா?

அங்கே இன்றும் வாயிற்காவல் உண்டு. சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் மூன்றிலும் உருவாக்குநராக விண்ணப்பிக்கலாம். மைக்ரோசாஃப்டின் ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் திட்டம் 2013இலிருந்து சிறியவர்களுக்காகவே நடக்கிறது. ஏற்கப்பட்டால் ரகசிய ஒப்பந்தம், சோதனைக்கான தனிக் கருவி, கடுமையான தொழில்நுட்பச் சான்று என்று வரிசையாக வரும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் செய்த ராஜி கேம் 2020இல் முதலில் ஸ்விட்சில்தான் வெளியானது என்பதால், இங்கிருந்து முடியாது என்பதற்கில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கென்று சோனி 2023இல் இந்தியா ஹீரோ புராஜெக்ட் என்ற திட்டத்தையும் அறிவித்தது.

விண்ணப்பத்தில் முந்தைய வெளியீடுகளைக் கேட்பார்கள். ஸ்டீமில் ஒரு கேம் வெளியாகியிருந்தால் அந்தக் கட்டத்தில் எழுத ஏதாவது இருக்கும். கன்சோல் பணி தெரிந்த பதிப்பாளர் ஒருவர் மாற்றித் தர முன்வந்தால் பங்கு விழுக்காட்டை மட்டும் பார்க்காதீர்கள்; மாற்றும் செலவை முதலில் அவர் கழித்துக்கொண்டபின் பங்கா, அதற்கு முன்பே பங்கா என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் தேடுங்கள்.